மெத்வேத்: தேனை அறிந்ததா, தேனைத் தின்றதா?

அகராதிப்பூச்சி எழுதியது:

ரஷ்ய மொழி படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. எழுத்துகளோடு மல்லுக்கட்டி முடித்து, விலங்குகள் பாடத்துக்கு வந்திருக்கிறேன். கரடிக்கு அங்கே ‘மெத்வேத்’ என்று பெயர். காதில் விழும்போது ‘மித்வ்யேத்’ மாதிரி இருக்கும், அழுத்தம் இரண்டாவது அசையில். இந்த இழையில் மெத்வேத் என்றே எழுதிவிடுகிறேன்.

பாடம் எடுப்பவர் சொல்லைப் பிரித்துக் காட்டினார். ‘மியோத்’ என்றால் தேன். ‘வேதத்’ என்றால் அறிதல். ஆகவே தேன் இருக்கும் இடம் அறிந்தவன் கரடி. அந்த ‘வேதத்’துக்கும் நம் காதுக்குப் பழகிய ‘வேதம்’, ‘வித்தை’க்கும் வேர் ஒன்று என்று ஏற்கெனவே படித்திருந்தேன். கேட்கவா வேண்டும்? அன்றைக்கு ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “ரஷ்யாவில் கரடிதான் தேன் வேதாந்தி” என்று போட்டுவிட்டேன். மாமா மூன்று கைதட்டல் அனுப்பினார்.

மறுநாள் சந்தேகம் வந்து மாக்ஸ் ஃபாஸ்மரின் சொற்பிறப்பு அகராதியைப் பார்த்தால், கதை வேறு. பின்பாதியில் அறிவே இல்லையாம். அங்கே இருப்பது தின்பதற்கான வேர். கரடி வெறும் தேன்தின்னி. நடுவில் நிற்கிற ‘வ்’ எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மியோத் என்பதில் வகரம் கிடையாது, தின்பதற்கான ‘யெஸ்த்’திலும் கிடையாது. யாராவது விளக்குங்களேன்.

தேரிக்காட்டான் எழுதியது:

பூச்சி, ரஷ்யன் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் புணர்ச்சி விதி நாற்பது வருஷம் நடத்தியவன். நீங்கள் அகராதியிலிருந்து பழைய வடிவத்தை எடுத்துப் போட்டால் சொல்கிறேன்.

அகராதிப்பூச்சி எழுதியது:

ஐயா, தேனுக்குப் பழைய ஸ்லாவிய வடிவம் ‘மெது’. உகரத்தில் முடிகிறது. தின்னும் வேர் ‘ஏத்’.

தேரிக்காட்டான் எழுதியது:

அவ்வளவுதானே. மெது + ஏத் = மெத்வேத். உகரம் உயிருக்கு முன்னால் வகரமாகிவிட்டது. மனு + அந்தரம் = மன்வந்தரம் ஆகிறதே, அதே கணக்கு. வடமொழி இலக்கணத்தில் யண் சந்தி என்பார்கள். தமிழில் இப்படிச் செய்ய மாட்டோம். உகரத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு நடுவில் ஒரு வகரத்தை உடம்படுமெய்யாக நுழைப்போம்: திரு + அருள் = திருவருள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். திருவருளில் வகரம் விருந்தாளி. மெத்வேத்தில் அது வேஷம் மாற்றிய வீட்டுக்காரன்.

அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. பிற்காலத்தில் மெதுவின் கடைசி உகரம் தேய்ந்து போய் வெறும் மியோத் ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் பேசுகிறவனுக்கு அந்த வகரம் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பக்கத்தில் ‘வேத்’ என்று அர்த்தமுள்ள சொல் ஒன்று நிற்கிறது. அதன் தலையில் கட்டிவிட்டான்.

குர்ஸ்க்_டாக்டர் எழுதியது:

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். குர்ஸ்க்கில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன் என்ற தகுதியில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

பழைய எழுத்துமுறையில் ‘யாத்’ என்று ஓர் எழுத்து இருந்தது. 1918 சீர்திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சில சொற்கள் எந்த வேரில் பிறந்தவை என்று அந்த எழுத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே அதுவும் கைவிட்டுவிடுகிறது. தின்பதையும் யாத் போட்டுத்தான் எழுதினார்கள், அறிவதையும் யாத் போட்டுத்தான் எழுதினார்கள். அதனால் பூச்சிக்குப் பாடம் எடுத்தவரைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் விடுதிக் காவல்காரப் பாட்டியும் ‘தேன் அறிந்தவன்’ என்றுதான் சொல்வாள், அதுவும் சத்தியம் பண்ணி. உக்ரேனிய மொழியில் இரண்டு பாதியும் இடம் மாறி ‘வெத்மித்’ ஆகிவிட்டது. போலந்துக்காரர்கள் முதல் மகரத்தை னகரமாக்கி, வாய்க்குள் கூழாங்கல் போட்டுக்கொண்ட மாதிரி ‘நியெஜ்வியெச்’ என்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. இதே இரண்டு வேரையும் ரஷ்யர்கள் பிற்காலத்தில் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள், இந்தத் தடவை நடுவில் ஓர் ஒகரம் வைத்து: ‘மெதயேத்’. எழுதும்போது மெதோயேத். அது தேன்வளைக்கரடியின் பெயர். பொருள் அச்சு அசலாகத் தேன்தின்னி. பழைய கூட்டுச்சொல் எப்படிப் பிறந்தது என்று மறந்துபோனதால்தானே அதே சொல்லைப் புதிதாகச் செய்ய முடிந்தது?

‘யேத்’ என்று முடிகிற குடும்பமே இருக்கிறது. ‘முரவ்யேத்’ எறும்புதின்னி. ‘லுதயேத்’ ஆளைத் தின்பவன். எனக்குப் பிடித்தது ‘தர்மயேத்’. தர்மம் கிர்மம் என்று நினைக்க வேண்டாம், ‘தார்மா’ என்றால் ஓசியில். நம்மூர்த் தண்டச்சோறு. எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவாமல் தின்றுவிட்டுப் போகிறவனை அப்படித்தான் கூப்பிடுவோம். பல நாள் அது நானாக இருந்தேன்.

புதுவரவு எழுதியது:

வணக்கம், ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன். ஒரு சின்னக் கேள்வி. நர்ஸை ரஷ்யாவில் ‘மெத்செஸ்த்ரா’ என்கிறார்களே, அது தேன் சகோதரியா?

குர்ஸ்க்_டாக்டர் எழுதியது:

அது ‘மெதித்சின்ஸ்கயா செஸ்த்ரா’, மருத்துவச் சகோதரி என்பதன் சுருக்கம். முதலாம் ஆண்டில் நானும் தேன் சகோதரி என்றுதான் நினைத்தேன். ஊசி போட்டுக்கொண்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

அகராதிப்பூச்சி எழுதியது:

ஐயா, டாக்டர், இருவருக்கும் நன்றி. வகரம் தீர்ந்தது. இனி முன்பாதி.

மெதுவை உச்சரித்துப் பாருங்கள், எதிரொலி கேட்கும். சமஸ்கிருதத்தில் மது. அதைத்தான் நாம் கடன் வாங்கி மதுவிலக்கு வரை கொண்டுபோயிருக்கிறோம். தேன், அதைப் புளிக்க வைத்துச் செய்யும் போதை இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று அந்த ஆதிக்குடிகள் நினைத்திருக்கிறார்கள். ரஷ்ய மியோத்திலும் இரண்டு பொருளும் உண்டு. லிதுவேனியனில் ‘மெதுஸ்’ தேன். ஆங்கிலத்தின் ‘மீட்’ தேனில் செய்த மது. வெல்ஷில் ‘மெத்’, அதுவும் குடிப்பதுதான். கிரேக்கர்களிடம் ‘மெத்தி’ என்றால் திராட்சை மது. அதிலிருந்துதான் செவ்வந்திக்கல்லுக்கு ‘அமெதிஸ்ட்’ என்ற பெயர் வந்தது. போதை ஏறாதது என்று பொருள், அந்தக் கல்லை வைத்திருந்தால் எவ்வளவு குடித்தாலும் தலைக்கு ஏறாது என்று நம்பினார்கள். 1830களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் மரத்திலிருந்து வடித்த சாராயத்துக்குப் பெயர் தேடியபோது இதே மெத்தியோடு மரத்துக்கான கிரேக்கச் சொல்லைச் சேர்த்தார்கள். மெத்தில், மெத்தனால் எல்லாம் அங்கே பிறந்தவை. கள்ளச்சாராயச் சாவுச் செய்தியில் வரும் மெத்தனாலுக்குள்ளும் தேன் ஒளிந்திருக்கிறது. இதைப் படித்தபோது கொஞ்சம் திடுக்கிட்டேன்.

கிழக்கே போனால் இன்னும் ஆச்சரியம். சீன மொழியில் தேனுக்கு ‘மீ’. முற்காலத்தில் அதன் கடைசியில் ஒரு தகரம் இருந்தது. இன்றைய சீனத்தின் மேற்குப் பாலைவன ஓரங்களில் பேசப்பட்டு அழிந்துபோன தொக்காரிய மொழியில் தேன் ‘மித்’. அங்கிருந்து சீனத்துக்குப் போன கடன் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. ஜப்பானியரின் ‘மித்சு’ சீனத்திலிருந்து போனது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. மது + அத் (தின்னும் வேர்) சேர்ந்து ‘மத்வத்’ என்று ரிக் வேதத்தில் ஒரு சொல் வருகிறது, முதல் மண்டலம் 164ஆம் சூக்தம். வேருக்கு வேர் மெத்வேத்தின் உடன்பிறப்பு. ஆனால் அங்கே அது கரடி அல்ல. மரத்தில் வந்து அடையும், தேன் தின்னும் பறவைகள்.

மழைக்குருவி எழுதியது:

நான் பின்லாந்தில் இருக்கிறேன். பதினைந்து வருஷமாகி விட்டது. இங்கே கரடிக்கு அன்றாடச் சொல் ‘கர்ஹு’. ரோமம் சொரசொரப்பாக இருப்பதைச் சொல்லும் ‘கர்ஹெயா’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பழைய பாட்டுகளில் ‘ஒத்சோ’, ‘கொந்தியோ’ என்றெல்லாம் வரும். எனக்குப் பிடித்தது ‘மெசிகாம்மென்’. காம்மென் என்றால் உள்ளங்கை, ‘மெசி’ என்றால் பூந்தேன். தேன் கையன்!

பின்னிஷ் ரஷ்யனுக்கு உறவே இல்லை, குடும்பமே வேறு. ஆனால் அந்த மெசி மட்டும் பூச்சி அண்ணா சொன்ன மெதுவின் கூட்டம்தான். ஆயிரக்கணக்கான வருஷம் முன்னால் இரவல் வாங்கியது. ஹங்கேரியர்களின் ‘மேஸ்’ (தேன்) அதே பழைய இரவல். அவர்கள் கரடிக்கு ‘மெத்வெ’ என்கிறார்கள். அது மட்டும் பிற்காலத்தில் ஸ்லாவியரிடமிருந்து வாங்கியது. ஒரே தேன் அந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக ஒரு தடவை, பின்வாசல் வழியாக ஒரு தடவை வந்திருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி. இத்தனை மொழியிலும் கரடிக்குப் பட்டப்பெயர்தான் இருக்கிறது. சொந்தப் பெயர் எங்கே போனது?

அகராதிப்பூச்சி எழுதியது:

நான் வர நினைத்த இடத்துக்கு நீங்களே இழுத்து வந்துவிட்டீர்கள்.

சொந்தப் பெயர் தெற்கே பிழைத்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘அர்க்தோஸ்’, லத்தீனில் ‘ஊர்சுஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ரிக்ஷ’, ஆர்மீனியனில் ‘ஆர்ஜ்’, வெல்ஷில் ‘ஆர்த்’. எல்லாம் ஒரே மூலத்தின் பிள்ளைகள். இந்தியில் இன்றும் வழங்கும் ‘ரீச்’ அந்த ரிக்ஷதான். அர்க்தோஸ் வானத்துக்கும் ஏறிவிட்டது. வடக்கே தெரியும் ஏழு நட்சத்திரக் கூட்டம் கிரேக்கர்களுக்குக் கரடி, அதன் கீழே இருக்கும் பூமி ஆர்க்டிக். நமக்கு அதே கூட்டம் சப்தரிஷி. முன்னொரு காலத்தில் அவர்களை ரிக்ஷர்கள் என்றுதான் அழைத்தார்கள் என்று சதபத பிராமணமே சொல்கிறது. கரடிகள் ரிஷிகளாகிவிட்டார்கள்!

வடக்கே கதை மாறுகிறது. ஸ்லாவிய மொழிகளில் அந்தப் பழைய பெயரைக் காணவே காணோம். லிதுவேனியனில் ‘லோகீஸ்’ என்று வேறு ஏதோ. ஆங்கிலத்தின் ‘பேர்’, ஜெர்மனின் ‘பேர்’ இரண்டுக்கும் ‘பழுப்பன்’ என்று பொருள் சொல்வது பழைய வழக்கம். ‘காட்டு விலங்கு’ என்ற வேரிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கு சரியென்றால் அது விலங்கைக் குறிக்கும் ரஷ்ய ‘ஸ்வேர்’ என்ற சொல்லுக்கு உறவு. எப்படியானாலும் அதுவும் சொந்தப் பெயர் அல்ல.

1906இல் ஆந்துவான் மெய்யே என்ற பிரெஞ்சு மொழியியலாளர் இதற்கு விளக்கம் சொன்னார்: பயம். காட்டில் அதன் பெயரைச் சொன்னால் அது கேட்டுவிடும், வந்துவிடும். பெயரை வாயில் எடுக்காமல் சுற்றி வளைத்துச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பெயரே மறந்துபோனது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. ராத்திரி முற்றத்தில் படுத்திருக்கும்போது “பாம்பு” என்று சொல்லிவிட்டால் வாயில் ஓர் அடி விழும். “பூச்சின்னு சொல்லு.” நல்ல பாம்புக்கு அந்த ‘நல்ல’ எதற்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? உடம்பில் கொப்புளம் வந்தால் நோய் என்று சொல்ல மாட்டாள், “அம்மா வந்திருக்கா” என்பாள். ஆகவே மெய்யே சொன்னதை நம்ப எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை.

எதிர்க்கட்சி எழுதியது:

பூச்சி, உங்கள் ஆச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆச்சி பாம்பைப் பூச்சி என்றாள், பாம்பு என்ற சொல் செத்துவிட்டதா? காலையில் அதே ஆச்சி “பாம்பு” என்று தெளிவாகச் சொல்லியிருப்பாள். விலக்கப்பட்ட சொல் செத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சங்கப் பாட்டில் கரடிக்கு ‘எண்கு’. புற்றைக் கிண்டிப் புற்றாஞ்சோறு தின்னும், இருப்பைப் பூவுக்காக வரும். நேரில் பார்த்தவர்கள் எழுதினது போல இருக்கும். தெலுங்கின் ‘எலுகு’ இதற்கு உறவு. இன்று தமிழில் எண்கு எங்கே? கரடி வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழன் பயந்து பெயரை மாற்றினான் என்று யாராவது எழுதினார்களா? சொற்கள் சும்மாவே சாகும். எழுத்தே இல்லாத காலத்து மனிதன் மனசுக்குள் என்ன பயம் இருந்தது என்று 1906இல் பாரிஸில் உட்கார்ந்து சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

கடைசியாக, ஓநாய். ரஷ்யனில் ‘வோல்க்’, லிதுவேனியனில் ‘வில்காஸ்’, ஜெர்மனில் ‘வோல்ஃப்’, சமஸ்கிருதத்தில் ‘விருக’. பீமனை விருகோதரன் என்கிறோமே, ஓநாய் வயிற்றுக்காரன், அந்த விருகம். அதே வடக்கு, அதே காடு. ஆட்டை அடித்துக்கொண்டு போவது ஓநாய்தான். அதன் பெயரை மட்டும் எப்படித் தைரியமாகச் சொன்னார்கள்?

தேரிக்காட்டான் எழுதியது:

எதிர்க்கட்சி கேட்டால் கேள்வி. எண்கு விஷயம் எனக்கும் குத்துகிறது.

அகராதிப்பூச்சி எழுதியது:

ஓநாய்க்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

எண்குக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன். ஒரு மொழியில் ஒரு சொல் போனால் அது தற்செயல் என்று விட்டுவிடலாம். இங்கே ஸ்லாவியம், பால்டியம், ஜெர்மானியம் என்று மூன்று கிளையும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று மாற்றுப் பெயரைப் பிடித்திருக்கின்றன. அந்த மூன்றும் கரடி நிறைந்த வடகாட்டுக்காரர்கள். சொந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தெற்கே. மழைக்குருவி சொன்ன பின்னியர்கள் வேறு குடும்பமாக இருந்தும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். மேற்கு சைபீரியாவில் ஹான்ட்டி, மான்சி மக்கள் கரடியை வேட்டையாடிய பின் அதற்கென்று ஒரு விழாவே எடுப்பார்கள். அந்த விழாவில் கரடியைப் பற்றியும் அதன் உடல் உறுப்புகளைப் பற்றியும் பேசத் தனிச் சொற்கள் உண்டு, அன்றாடச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. ஓநாய்க்கு இந்த அளவு மரியாதை அங்கே இல்லை. கரடி இரண்டு காலில் நிற்கும். தோலை உரித்தால் மனிதன் மாதிரி இருக்கும் என்கிறார்கள். அதுதான் வித்தியாசமோ என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான்.

குர்ஸ்க்_டாக்டர் எழுதியது:

நான் கண்ணால் கண்டதைச் சொல்லட்டுமா? மெத்வேத் என்பதே ஒரு பட்டப்பெயர் என்கிறீர்கள். ஆனால் அதுவும் நாளடைவில் நிஜப்பெயர் ஆகிவிட்டது, இல்லையா? ஆகவே அதற்கும் மேல் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கதைகளில் ‘மிஹைல் பதாபிச்’. குழந்தைகளுக்கு ‘மீஷ்கா’. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னம் மீஷா நினைவிருக்கும். ‘தப்திகின்’ என்றால் தொப்தொப்பென்று மிதித்து நடப்பவன். ‘கசலாப்பி’ என்றால் கோணல்காலன்.

என் அறைத்தோழன் சைபீரியாக்காரன். அவனுடைய அப்பாவோடு ஒரு தடவை தைகா என்கிற ஊசியிலைக் காட்டுக்குள் காளான் பொறுக்கப் போனேன். எனக்குக் கிடைத்த புது ரஷ்யனைக் காட்ட வேண்டும் என்று “இங்கே மெத்வேத் இருக்குமா?” என்று சத்தமாகக் கேட்டேன். அவர் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். “காட்டில் அப்படிச் சொல்லாதே. ‘ஹஸ்யாயின்’ என்று சொல்” என்றார். முதலாளி, வீட்டுக்கு உடையவன் என்று பொருள். அவர் பொறியாளர், சாமி கும்பிடாதவர். வெளியே சாலைக்கு வந்ததும் அவரே மெத்வேத் மெத்வேத் என்று கதை கதையாகச் சொன்னார்.

எதிர்க்கட்சி எழுதியது:

பார்த்தீர்களா, சாலைக்கு வந்ததும் சொல்லிவிட்டார். ஆச்சி கதைதான். சொல் சாகவில்லை. ஆனாலும் டாக்டர், அந்த வாளியைக் கீழே வைத்த இடம் நன்றாக இருக்கிறது. பாதி வாக்கு மெய்யேவுக்குப் போடுகிறேன், மீதிப் பாதியை ஓநாய்க்குப் பதில் வந்த பிறகு போடுவேன்.

புதுவரவு எழுதியது:

ஒரு காணொளியில் பார்த்தேன். கரடியின் நிஜமான ரஷ்யப் பெயர் ‘பேர்’ தானாம், கரடி படுக்கும் குகைக்கு ‘பெர்லோகா’ என்று சொல்வதே சான்றாம். பேரின் லோகா, அதாவது கரடியின் படுக்கை. பெர்லின் நகரமும் அதே பேர்தானாம். ஜெர்மானியர்களுக்கே ரஷ்யர்கள்தான் கற்றுக்கொடுத்தார்களாம். உண்மையா?

அகராதிப்பூச்சி எழுதியது:

தம்பி, ‘உலகின் எல்லா மொழியும் எங்கள் மொழியில் பிறந்தது’ என்று கிளம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, நமக்கு அந்த வியாதி புதிதா என்ன.

பெர்லோகாவைப் பக்கத்து மொழிகளில் வைத்துப் பாருங்கள். போலிஷில் ‘பர்வுக்’ என்றால் கலைந்து கிடக்கும் வைக்கோல் படுக்கை. கரடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குப்பையும் சருகுமாகக் கிடக்கும் படுகை என்ற பொருளிலிருந்துதான் குகை வந்திருக்கிறது. பெர்லின் ஸ்லாவியப் பெயர் என்பது மட்டும் உண்மை. ஜெர்மானியர் வரும் முன் அங்கே இருந்த ஸ்லாவியர்கள் சதுப்பு நிலத்துக்கு வைத்த பெயர் அது. நகரச் சின்னத்தில் கரடி வந்தது ஒலி ஒற்றுமையால். கரடியைப் போட்டுவிட்டுக் காரணம் தேடியிருக்கிறார்கள்.

பெர்லின் என்றதும் ஒன்று. ஃபாஸ்மர் இந்த அகராதிக்காகச் சேர்த்த குறிப்புகளும் அவருடைய நூலகமும் 1944இல் பெர்லின் குண்டுவீச்சில்தான் எரிந்தன. மறுபடி உட்கார்ந்து தொகுத்து 1950களில் ஜெர்மனில் வெளியிட்டார். ரஷ்யப் பதிப்பு அதற்குப் பிறகு துருபச்சோவ் மொழிபெயர்ப்பில் வந்தது. நாம் உட்கார்ந்த இடத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கிறோம்.

மழைக்குருவி எழுதியது:

2008இலிருந்து 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்த மெத்வதேவின் பெயரும் இதுதானே?

அகராதிப்பூச்சி எழுதியது:

அதுவேதான், கரடியின் பிள்ளை. கரடி என்று பட்டப்பெயர் வாங்கிய யாரோ ஒரு முப்பாட்டன் இருந்திருப்பான். இந்தியாவில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு கரடிப் பிள்ளையும் இருக்கிறார். 1914இல் வரைந்த எல்லைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்த மக்மஹோன். ஐரிஷில் ‘மாக் மத்கம்னா’, கரடியின் மகன். அதில் கரடியைக் குறிக்கும் ‘மத்கவன்’ என்பதும் பழைய பெயர் அல்ல, அதற்குள் இருப்பது கன்றுக்குட்டி. ஐரிஷிலும் கரடிக்குப் பழைய பெயர் ‘ஆர்த்’ இருந்தது, அப்புறம் இப்படி ஒரு சுற்றுவழிப் பெயர் வந்தது. எதிர்க்கட்சி, கால் வாக்கு சேருமா?

தேரிக்காட்டான் எழுதியது:

டாக்டர் தம்பி, ஒரே ஒரு சந்தேகம். நம் காட்டுக் கரடி, அந்தப் புற்றைக் கிண்டுகிற எண்கு, அதற்கு ரஷ்யனில் தனிப்பெயர் உண்டா?

குர்ஸ்க்_டாக்டர் எழுதியது:

உண்டு ஐயா, ‘குபாச்’. ‘குபா’ என்றால் உதடு. புற்றுக்குள் உதட்டைக் குழலாக நீட்டி உறிஞ்சுமே, அதைப் பார்த்து வைத்த பெயர், உதட்டுக்காரன். அறிவியல் பெயரில் முன்பாதி ‘மெலுர்சுஸ்’, லத்தீனில் தேன்கரடி. 1791இல் அதை ‘ஸ்லாத்’ (மரத்தில் தொங்கியபடி மெல்ல நகரும் தென்னமெரிக்கப் பிராணி) இனம் என்று நினைத்து முதலில் தப்பாக வகைப்படுத்தினார்கள், அப்புறம்தான் கரடி என்று புரிந்தது.

அகராதிப்பூச்சி எழுதியது:

குடும்பக் குழுவில் திருத்தம் போட்டுவிட்டேன்: “வேதாந்தி இல்லை, தின்னிதான்.” மாமா இந்தத் தடவை கைதட்டவில்லை. டாக்டர் சொன்ன அந்தத் தண்டச்சோற்றுச் சொல்லை மறுபடி எழுதி அனுப்பச் சொன்னார். மகனுடைய எண்ணை அந்தப் பெயரில் போனில் சேமிக்கப் போகிறாராம்.